மழை பெய்தால் இணையம் அறுகிறதா? கேபிளின் நுனியைக் கழற்றிப் பாருங்கள்

டிவிக்கு வரும் அதே தடித்த கறுப்புக் கேபிளில் இணையமும் வாங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. எங்கள் வீட்டில் நான்கு மாதங்களாக இணைப்பு விட்டுவிட்டு வந்தது. மகளின் தேர்வு பாதியில் அறுந்துபோன அன்று, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தேன்.

முதல் வேலை, கோளாறு வைஃபையிலா வெளிக் கேபிளிலா என்று பிரித்தறிவது. கணினியில் கட்டளைத் திரைகள் இரண்டைத் திறந்து, ஒன்றில் உங்கள் ரூட்டரின் முகவரிக்கும் மற்றதில் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கும் பிங் (ping என்று தட்டி முகவரியைச் சேர்த்தால், அங்கிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓடவிடுங்கள். விண்டோஸ் நான்கு முறையோடு நிறுத்திக்கொள்ளும். முகவரிக்குப் பின் ஓர் இடைவெளி, ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டிச் சிறிய ‘டி’ எழுத்து என்று சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். ரூட்டரே பதில் சொல்லாவிட்டால் குறை வைஃபையில். ரூட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லும்போதே 8.8.8.8 மட்டும் அறுந்தால் குறை பெரும்பாலும் மோடத்திலோ (கேபிள் சிக்னலை இணையமாக மாற்றும் பெட்டி) அதற்கு அப்பாலோ இருக்கிறது. வேகம் காட்டும் செயலிகளை இதற்கு நம்பாதீர்கள். அவை அந்த அரை நிமிடத்தை மட்டுமே காட்டும். இதைச் செய்யாமல் நான் புது ரூட்டர் வாங்கினேன். அந்தப் பணம் வீண்.

அடுத்து, பிரவுசரில் 192.168.100.1 என்று தட்டுங்கள். பெரும்பாலான கேபிள் மோடங்கள் தங்கள் நிலவரத்தை அங்கே காட்டும். மூன்று எண்கள் போதும். உள்வரும் சிக்னலின் வலு −7 முதல் +7 வரை இருந்தால் நல்லது. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 33 டெசிபெல்லுக்கு மேல் இருக்க வேண்டும். மூன்றாவது, மோடம் வெளியே அனுப்பும் வலு. இதைத்தான் நான் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்து, 53 என்று பார்த்ததும் திருப்தியோடு பக்கத்தை மூடிவிட்டேன். உண்மையில் மறுமுனையில் இருக்கும் கேபிள் நிறுவனத்தின் கருவிக்குத் தன் குரல் சரியாகக் கேட்காதபோதுதான் மோடம் அவ்வளவு உரக்கக் கத்துகிறது. 35 முதல் 49 வரை இயல்பு. 50-ஐத் தாண்டினால் பெரும்பாலும் வழியில் எங்கோ சிக்னல் வலுவிழக்கிறது என்று பொருள். அதே பக்கத்தில் உள்ள பதிவேட்டில் ‘டி3 டைம்அவுட்’ என்ற வரி திரும்பத் திரும்ப வந்திருந்தால், மோடம் அழைத்தும் பதில் வரவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

இனி கையால் செய்யும் வேலை. டிவி, மோடம் இரண்டையும் மின்சாரத்திலிருந்து கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலிருந்து மோடம்வரை விரலால் தடவிக்கொண்டே செல்லுங்கள். எங்கள் வீட்டில் பரண் மேல், டிவிக்கும் மோடத்துக்கும் சிக்னலைப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இருந்தது. அதில் மாட்டியிருந்த கேபிள் நுனியின் உலோகக் கனெக்டரை 11 மி.மீ. ஸ்பேனரால் கழற்றினேன். செம்பு பூசிய நடுக்கம்பி முழுவதும் பச்சைக் களிம்பு. விரலில் ஒட்டியது. கேபிள் மாடியிலிருந்து நேராகச் சரிந்து சுவருக்குள் நுழைந்ததால், ஒவ்வொரு மழையிலும் நீர் அதன் மேலேயே வழிந்து கனெக்டருக்குள் இறங்கியிருக்கிறது.

களிம்பைச் சுரண்டிவிட்டு மறுபடி மாட்டாதீர்கள். சில வாரங்களில் திரும்பிவிடும். அந்த நுனியையே வெட்டிப் புது கனெக்டர் போடுங்கள். திருகி மாட்டும் வகை வேண்டவே வேண்டாம், அழுத்திப் பொருத்தும் வகைதான் நிற்கும். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டிச் சுமார் 3 மி.மீ. நீட்டியிருக்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள பின்னல் கம்பியின் ஓர் இழைகூட அதைத் தொடக்கூடாது. சுவருக்குள் நுழையுமுன் கேபிள் ஒரு வளைவாகத் தொங்கி மேலேறட்டும். நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். மாடிக்கும் மின்கம்பத்துக்கும் இடையிலான பகுதியைக் கேபிள்காரரிடம் விட்டுவிடுங்கள். “நெட் வரவில்லை” என்பதற்குப் பதிலாக “வெளியே போகும் வலு 53” என்று சொல்லிப் பாருங்கள். எங்களுக்கு அன்று மாலையே ஆள் வந்தார்.

இரண்டு வழி ஸ்பிளிட்டர் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 3.5 டெசிபெல்லைத் தின்றுவிடும், அதாவது பாதிக்கு மேல். பயன்படாத ஸ்பிளிட்டரை எடுத்துவிடுங்கள். எங்கள் மோடம் வெளியே அனுப்பும் வலு இப்போது 44.

பின்சேர்க்கை: மோடத்தின் பக்கம் திறக்கவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். ரூட்டரை விலக்கி, கணினியை ஈதர்நெட் வயரால் நேரே மோடத்தில் இணைத்துப் பாருங்கள். இன்னொருவர் எல்லாம் மாற்றியும் பலனில்லை என்றார். அவர் வீட்டில் டிவிக்காகப் போட்ட, சிக்னலைக் கூட்டும் பழைய பூஸ்டர் ஒன்று இருந்தது. அந்த வகை சிக்னலை உள்ளே மட்டும் விடும். மோடம் வெளியே அனுப்புவதைத் தடுத்துவிடும். அதைக் கழற்றிய பிறகு, இணைப்பு அறுகிறது என்ற புகார் அவரிடமிருந்து வரவில்லை.