பல்பு எச்சரிக்கை விளக்கு எரியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாஷ்போர்டில் பல்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் வேறெதையும் பார்க்காமல் புதிய பல்பு வாங்கி மாட்டுவதே பலரும் செய்யும் தவறு. அந்த எச்சரிக்கை அமைப்பு வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. பல்புக்குச் செல்லும் மின்சாரத்தைத்தான் கண்காணிக்கிறது. ஆகவே பல்பு நன்றாக இருந்தாலும், ஹோல்டரிலோ கம்பியிலோ தடை கூடினால் எச்சரிக்கை வந்துவிடும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன், டோங்காட், இசிப்பிங்கோ போன்ற கடலோர ஊர்களில் கார் வைத்திருப்போர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். உப்புக்காற்றும் ஈரமும் பின்விளக்குக் கூட்டினுள் புகுந்து, பித்தளைத் தொடுமுனைகளில் பச்சைப் படிவை உண்டாக்குகின்றன. பிரேக்கை மிதிக்கும்போது ஒரு பக்கத்து இண்டிகேட்டரும் மங்கலாகச் சேர்ந்து எரிந்தால், முதலில் அந்தப் பக்கத்து எர்த் இணைப்பைத்தான் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) சந்தேகிக்க வேண்டும். விளக்கு எரியும் நிலையில், ஹோல்டரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்தால், நல்ல இணைப்பு ஏறக்குறையப் பூஜ்யம் காட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பல்பை விட்டுவிட்டு எர்த் கம்பியைத் தொடர்ந்து சென்று பாருங்கள். ஹோல்டரின் பிளாஸ்டிக் கருகியோ உருகியோ இருந்தால், உப்புத்தாளால் தேய்ப்பது சில வாரங்களுக்குத்தான் தாங்கும். ஹோல்டரையே மாற்றுவது நல்லது.

எல்இடி பல்பு மாட்டுவது அடுத்த தவறு. 21 வாட் பிரேக் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 1.75 ஆம்பியர் எடுக்கும். எல்இடி அதில் சிறு பங்கையே எடுப்பதால், பல்பு போய்விட்டது என்றே கார் முடிவு செய்யும். இதைச் சமாளிக்க விற்கப்படும் 6 ஓம் ரெசிஸ்டர் அதே 12 வோல்ட்டில் 24 வாட் வெப்பத்தைக் கக்கும். அதைப் பிளாஸ்டிக்கின் மேலோ கம்பிக் கட்டின் மேலோ ஒட்டிவைப்பது, என் கருத்தில், எரியாத பல்பைவிட ஆபத்தானது.

இரட்டை இழை கொண்ட 21/5 வாட் பல்பு (பிரேக்குக்கு 21 வாட், பின்விளக்குக்கு 5 வாட்) இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை இழைப் பல்பைத் திணிக்கக்கூடாது. ஈஸ்ட் லண்டனில் தயாரான பழைய மெர்சிடிஸ் டபிள்யூ124 போன்ற கார்களில் இடப்பக்க, வலப்பக்க மின்னோட்டங்கள் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுவதால், வெவ்வேறு தயாரிப்பாளரின் பல்புகளை பக்கத்துக்கொன்றாக மாட்டினாலே எச்சரிக்கை வரலாம். இரண்டையும் ஒரே தயாரிப்பாக, ஒரே சமயத்தில் மாற்றுங்கள்.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று கூடுதல் ஆம்பியர் ஃப்யூஸைப் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஃப்யூஸுக்குப் பதிலாகக் கம்பி எரியும்.

எச்சரிக்கையையே துண்டித்துவிடுவோரும் உண்டு. டர்பன்–ஜோகன்னஸ்பர்க் நெடுஞ்சாலையில் மூடுபனி மிகுந்த வான் ரீனன் கணவாயில் இரவில் ஏறும்போது, தம் பின்விளக்கு எரியாததை அவர்கள் எப்படி அறிவார்கள்? பழைய கார் வாங்குவோர், சாலைத் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதே என்று நில்லாமல், சாவியைத் திருப்பும்போது இந்த விளக்கும் மற்ற எச்சரிக்கை விளக்குகளோடு ஒரு கணம் எரிந்து அணைகிறதா என்று பார்க்கலாம். பல கார்களில் அப்படித்தான் எரியும்.

பழுது நீக்கிய பின்னும் எச்சரிக்கை அணையாவிட்டால் உடனே மீண்டும் எல்லாவற்றையும் கழற்றத் தொடங்காதீர்கள். சில கார்கள் பிரேக் விளக்கை, பிரேக்கை மிதித்த பிறகே சோதிக்கின்றன.