தடைக்காலத்துக்கு முந்தைய நெருக்கடியில் நெய்மீனுக்கு இழுவைத் தூண்டில்

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இங்கே பேசுவது டிரோலிங். அதாவது படகை மெதுவாக ஓட்டியபடி பின்னால் தூண்டிலை இழுத்துச் செல்வது. மடி (பை போன்ற வலை) போட்டு இழுக்கும் டிராலிங் வேறு. கரையில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள், கடையில் பொருள் கேட்கும்போது தகராறு வருகிறது.

வாடை தணிந்து தென்கடல் (மன்னார் வளைகுடா) அமரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வெளியே சிறு படகுகள் குவியும். ஏப்ரல் 15-இல் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை தொடங்குமுன் விசைப்படகுக்காரர்களும் விடாமல் ஓடுவார்கள். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்திருப்பதால், நாட்டுப்படகு நாளன்று எல்லா ஃபைபர் படகும் ஒரே பாரை (கடலடிப் பாறைத் திட்டை) மொய்க்கும். இத்தனை இயந்திரச் சத்தத்தில் நெய்மீன் (சென்னைக்காரர்களுக்கு வஞ்சிரம்) மேல்மட்டத்தில் நிற்காது, கீழே இறங்கிவிடும். இதை மனதில் வைத்துத்தான் நரம்பு, ஈயம், வேகம் மூன்றையும் முடிவு செய்ய வேண்டும்.

கையால் இழுப்பதற்கு 1 மில்லிமீட்டர் தங்கூஸ் (ஒற்றை இழை நைலான்) நரம்பு போதும். கூட்டமில்லாத நாளில் நாலு நரம்பு விடலாம். நெருக்கடியில் இரண்டுதான், அதுவும் ஒன்று 12 பாகம், மற்றது 20 பாகம் (ஒரு பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறடி). இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் திரும்பும்போது பின்னிக்கொள்ளும். 40 பாகம் விட்டுவிட்டு அடுத்த படகு மேலேறி அறுத்துவிட்டது என்று சண்டை போடுவதில் பயனில்லை. அத்தனை தூரத்தில் உங்கள் நரம்பு கிடப்பது அவருக்குத் தெரியாது. நீளத்தைக் குறைத்ததால் இழந்த ஆழத்தை ஈயத்தால் மீட்க வேண்டும்: நீள நரம்பில் இரைக்கு நாலு பாகம் முன்னால் 300 கிராம் ஈயக் குண்டு, குட்டை நரம்பில் குண்டு இல்லை. நரம்பின் கடைசியைப் படகின் குறுக்குச் சட்டத்தில் நேரடியாகக் கட்டாமல் நடுவில் இரண்டடி சைக்கிள் டியூப் கொடுங்கள். மீன் அடிக்கும் முதல் வெட்டை அது வாங்கிக்கொள்ளும். விரலிலும் டியூப் துண்டு மாட்டிக்கொள்ளலாம். நரம்பை ஒருபோதும் உள்ளங்கையில் சுற்றாதீர்கள்.

இரைக்கு முரலை (ஊசி போல நீண்ட அலகுள்ள மெல்லிய மீன்) மிஞ்சியது இல்லை. ஒரு முழம் நீளம், கண் தெளிந்து, வயிறு வெடிக்காமல் இருக்க வேண்டும். கட்டுமுன் முரலை இரு கையிலும் பிடித்து முன்னும் பின்னும் எட்டுப் பத்து முறை வளைத்து முதுகெலும்பைத் தளர்த்துங்கள். விறைத்த முரல் நீந்தாது, குச்சி மாதிரி வரும். நரம்புக்கும் கொக்கிக்கும் நடுவே வரும் கம்பி 0.7 மில்லிமீட்டர் எஃகு, மூன்றடி நீளம். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தால் 0.5-க்கு இறங்கலாம், ஆனால் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் மடிப்பு விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். மடிப்பு விழுந்த இடத்தில்தான் அடுத்த மீன் அறுத்துக்கொண்டு போகும்.

கம்பியை முடி போட முடியாது, முறுக்கத்தான் வேண்டும். இரு இழையும் ஒன்றையொன்று சம அளவில் சுற்றிக்கொள்ளும்படி ஐந்து முறுக்கு; அதன்பின் ஒரு இழை நேராக நிற்க, மற்றது அதன்மேல் நெருக்கமாக நாலு சுற்று. தொடக்கத்திலேயே ஒன்று நிற்க மற்றது சுற்றினால், இழுவிசை ஏறும்போது உருவிக்கொண்டு வந்துவிடும். மீதி நுனியைக் கட்டரால் வெட்டாதீர்கள். கைப்பிடி போல மடக்கி இப்படியும் அப்படியும் ஆட்டினால் அடியோடு ஒடியும். வெட்டினால் மிஞ்சும் முனை, மீனோடு போராடும்போது உங்கள் கையைத்தான் கிழிக்கும்.

கொக்கி இரண்டு, 7/0 அளவு. முன் கொக்கி தாடை வழியே ஏறி செவுளுக்குப் பின்னால் வெளியே வரும். அலகை மெல்லிய செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டி வாயை மூடுங்கள். பின் கொக்கி மலவாய்க்கு அருகே, முன் கொக்கியோடு நாலு விரல் கம்பியால் இணைந்திருக்கும். இந்தக் கம்பி சற்றுத் தொய்வாகவே இருக்கட்டும். விறைப்பாக இருந்தால் முரல் வில்லாக வளைந்து சுழலும். சுழலும் இரையை நெய்மீன் சீண்டாது, நரம்பும் முறுக்கிக்கொள்ளும். வெளியே விடுமுன் படகோரத்தில் ஒரு பாகம் நரம்பில் இழுத்துப் பாருங்கள். வயிறு கீழே பார்க்க, வால் மட்டும் ஆட வேண்டும். சாய்ந்தால் தாடைக்கடியில் 30 கிராம் ஈயம் சேர்த்தால் நிமிரும்.

வேகத்தில்தான் அதிகம் பேர் கோட்டைவிடுகிறார்கள். முரலுக்கு மூன்றிலிருந்து நாலு நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) போதும். ரப்பர், பிளாஸ்டிக் இரையென்றால் ஐந்து ஆறு. ஆனால் ஜிபிஎஸ் காட்டுவது தரையை வைத்துக் கணக்கிட்ட வேகம். இரைக்குத் தெரிவது தண்ணீரின் வேகம். நீவாடு (கடல் நீரோட்டம்) ஒரு நாட் ஓடினால், அதோடு போகும்போது ஜிபிஎஸ்ஸில் ஐந்து காட்டினால்தான் இரைக்கு நாலு. எதிர்த்துப் போகும்போது மூன்று காட்டினாலே நாலாகிவிடும். இது புரியாமல் ஒரே எண்ணில் ஓட்டுகிறவருக்குப் போகும்போது மட்டும் மீன் அடிக்கும், வரும்போது அடிக்காது. நரம்பின் மேல் விரலை வைத்து அதிர்வைப் பழகிக்கொண்டால் கருவியே வேண்டாம்.

கூட்டத்தில் ஓட்டும் முறை: எல்லோரும் எந்தத் திசையில் போகிறார்களோ அதே திசை, படகுக்குப் படகு குறைந்தது 40 பாகம். மற்றவருடைய பின்பக்கம் குறுக்கே போகாதீர்கள். ஆலாப் பறவைக் கூட்டம் விழுந்து எழும் இடத்தின் நடுவே பாயாமல் ஓரமாகச் சுற்றுங்கள். நடுவில் ஓடினால் சூடை (மத்தி வகைச் சிறுமீன்) கூட்டம் சிதறி எல்லோருக்கும் போயிற்று. திருப்பம் அகலமாக இருக்கட்டும். திரும்பும்போது உள்பக்க நரம்பு தொய்ந்து இறங்கும், வெளிப்பக்க நரம்பு வேகம் பிடித்து ஏறும். உள்பக்கத்தில் மீன் அடித்தால் இன்னும் ஆழம் தேவை, வெளிப்பக்கத்தில் அடித்தால் வேகம் தேவை என்று படிக்கலாம். பாரின் மேல் திரும்பினால் மட்டும் உள்பக்கக் குண்டு கல்லில் மாட்டும்.

இரை திரும்பி வந்தால் தூக்கி எறியுமுன் பாருங்கள். வால் பக்கம் கத்தியால் நறுக்கியது போலிருந்தால் நெய்மீன் அல்லது ஊழி. பின் கொக்கியை இன்னும் இரண்டு விரல் வால் பக்கம் தள்ளுங்கள். நசுங்கிச் செதில் உரிந்திருந்தால் பாறை மீன்.

மீன் மாட்டியதும் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டாம், நரம்பு தொய்ந்தால் கொக்கி கழன்றுவிடும். மெதுவாக ஓட்டியபடி கூட்டத்தைவிட்டு விலகுங்கள். அதற்குள் கூட இருப்பவர் மற்ற நரம்பைச் சுருட்டட்டும். மேலே ஏற்றியதும் செவுளை அறுத்து இரத்தம் வடித்து, மீனுக்குச் சம எடை ஐஸில் வையுங்கள்.

எல்லை விஷயம்: மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே தூண்டில் போடக்கூடாது. தனுஷ்கோடிக்குக் கிழக்கே நீவாடு இழுக்கும், சர்வதேச எல்லையை ஜிபிஎஸ்ஸில் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

கொடி கட்டிய வலையைப் பார்த்து ஒதுங்கினாலும் அறுந்த நரம்பு எங்காவது மிதக்கும். இயந்திரத்தின் விசிறியில் (புரொப்பெல்லர்) சிக்கினால் பின்னோக்கி ஓட்டிக் கழற்றப் பார்க்காதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி, தூக்கி, அறுத்தெடுங்கள். கரைக்கு வந்ததும் விசிறியைக் கழற்றி அதன் பின்னாலும் பாருங்கள். தங்கூஸ் தண்டில் சுற்றிக்கொண்டு ஆயில் சீல் எனும் அடைப்பு வளையத்தை அறுக்கும். கியர் எண்ணெய் பால் நிறமாக வந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது, அந்த வளையத்தை மாற்றாமல் மறுநாள் இறக்காதீர்கள்.