அறிவுசார் சொத்துரிமை வழக்கறிஞர் தொழிலில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

சென்ற மாதம் என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளைய வழக்கறிஞர் ஒருவர், ஒன்றரைப் பக்கக் காப்புரிமை வரைவு ஒன்றை என் மேசையில் வைத்து, "சார், கட்சிக்காரர் அவசரப்படுத்துகிறார், இன்றே தாக்கல் செய்துவிடலாமா?" என்று கேட்டார். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. 16 ஆண்டுகளுக்கு முன் இதே போன்றதொரு ஒன்றரைப் பக்கத்தில் கையெழுத்திட்டவன் நான் என்பதால், அந்த எரிச்சலில் பெரும்பங்கு என்மீதுதான் இருந்தது.

கட்டணத்தைக் குறைத்துச் செலுத்துவது, வணிகக்குறிக்குரிய 45 வகுப்புகளில் பொருந்தாத ஒன்றைத் தேர்வது, கெடு தேதியை நாட்குறிப்பில் எழுத மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. கிண்டியிலுள்ள அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்திலிருந்து வரும் குறைபாட்டு அறிவிப்புகளே அவற்றை ஓராண்டுக்குள் கற்றுக்கொடுத்துவிடும். எந்த அறிவிப்பும் வராமல், சில ஆண்டுகள் கழித்து மொத்தமாக விலை கேட்கும் தவறுகளைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

பயன்பாட்டுத் தேதியைச் சம்பிரதாயமாக நினைப்பது

வணிகக்குறி விண்ணப்பத்தில், அந்தக் குறி எந்தத் தேதியிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது என்று கேட்கப்படும். தேதியைக் குறிப்பிட்டால் அதற்குரிய பிரமாண வாக்குமூலத்தையும் ஆவணங்களையும் இணைக்க வேண்டியிருப்பதால், அந்தச் சிரமத்துக்கு அஞ்சி, 15 ஆண்டுகளாக நடக்கும் கடைக்குக்கூட "இனிமேல் பயன்படுத்த உத்தேசம்" என்று எழுதிவிடும் இளையவர்களை இன்றும் பார்க்கிறேன். திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா தொடர்பான வழக்கில் 2015-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பதிவு பெற்றவரின் உரிமையைவிட முன்பயன்பாட்டாளரின் உரிமையே மேலானது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அத்தகைய உரிமையைக் கையில் வைத்திருக்கும் ஒருவரைக்கொண்டு, "நான் இன்னும் தொடங்கவே இல்லை" என்று அரசு ஆவணத்தில் எழுதவைப்பது எத்தகைய உதவி என்று தெரியவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. தின்பண்டத் தயாரிப்பாளர் ஒருவர் 1968 முதல் தம் குடும்பம் அந்தக் குறியைப் பயன்படுத்துவதாகக் கூறி, அதற்குச் சான்றாகப் பழைய மேலுறை ஒன்றைக் கொடுத்தார். நானும் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் இணைத்துவிட்டேன். மேலுறையின் அடியில் முகவரியும், முகவரியின் முடிவில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணும் அச்சாகியிருந்தன. அந்த எண் முறை இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது என்பதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுத்துக்காட்டியபோது, எங்கள் உண்மையான ஆவணங்களும் அந்த ஒரு பொய்யோடு சேர்ந்து நம்பகத்தன்மையை இழந்தன.

எதிர்ப்பு அறிவிப்புக்கு எதிருரை தருவதைத் தள்ளிப்போடுவது

வணிகக்குறி விண்ணப்பத்தை ஒருவர் எதிர்த்தால், பதில் தர இரண்டு மாதம். அதன்பின் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே சட்டம் கொள்ளும்.

துண்டு போட்டு இடம் பிடிப்பது

இனி அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு வருகிறேன். காப்புரிமை விண்ணப்பத்தை, கண்டுபிடிப்பை விளக்கும் தற்காலிக விவரக்குறிப்போடு தாக்கல் செய்துவிட்டு, 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தரலாம் என்று காப்புரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. எங்கள் அலுவலகங்களில் முன்னதைப் புரொவிஷனல் என்றும் பின்னதைக் கம்ப்ளீட் என்றும் சொல்வோம். கண்டுபிடிப்பாளர்களுக்கு மிகவும் பயனுள்ள இந்த ஏற்பாட்டை, பேருந்து இருக்கையில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப் போல நம்மில் பலர் புரிந்துகொண்டிருக்கிறோம். பேருந்தில் துண்டு எவ்வளவு சிறியது என்று யாரும் பார்ப்பதில்லை. காப்புரிமையில் துண்டு எவ்வளவு அகலமோ, அவ்வளவு இடம்தான் உங்களுடையது.

கோயம்புத்தூரில் நீர்மூழ்கிப் பம்பு தயாரிக்கும் பட்டறை உரிமையாளர் ஒருவர், ஆழ்துளைக் கிணற்று மணல் சுழல்தண்டின் அடைப்பானுக்குள் புகாமல் தடுக்கும் அமைப்பு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொலைபேசியில் அழைத்து, "டிராயிங் இன்னும் முடியலீங்க சார், இப்போதைக்கு ஒரு துண்டப் போட்டு வையுங்க, மிச்சத்தப் பின்னால பாத்துக்கலாங்க" என்றார். நானும், மணல் உட்புகுவதைத் தடுக்கும் வகையில் சுழல்தண்டில் ஓர் அமைப்பு பொருத்தப்பட்ட பம்பு என்று ஒன்றரைப் பக்கம் எழுதி, அன்றே தாக்கல் செய்து, விண்ணப்ப எண்ணை அனுப்பிவைத்தேன். அந்த அமைப்பின் உயிர்நாடி, ஒரு வளையத்தின் உட்புறம் வெட்டப்பட்டிருந்த திருகுச் சுருள் பள்ளமும், அதைத் தண்டோடு அழுத்திவைக்கும் வில்சுருளும் ஆகும். என் ஒன்றரைப் பக்கத்தில் இவ்விரண்டைப் பற்றியும் ஒரு சொல்கூட இல்லை.

எண் கையில் வந்துவிட்ட நிம்மதியில், ஐந்து மாதங்கள் கழித்து நடந்த ஒரு தொழிற்கண்காட்சியில், அவர் அந்தப் பம்பைக் குறுக்காக வெட்டிய மாதிரியாக வைத்து, பள்ளத்தின் கோணம் வரை வரைந்து காட்டிய துண்டறிக்கையையும் வந்தவர்களுக்கெல்லாம் விநியோகித்தார். பதினோராம் மாதத்தில் நான் பெருமையோடு 22 பக்க முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்தேன். விண்ணப்பம் வெளியானதும் போட்டி நிறுவனம் ஒன்று 25(1)-ஆம் பிரிவின்கீழ் எதிர்ப்பு மனு கொடுத்தது. அந்த மனுவோடு வேறெந்த அயல்நாட்டு ஆவணமும் இல்லை. எங்கள் கட்சிக்காரரின் துண்டறிக்கை மட்டுமே இணைக்கப்பட்டிருந்தது.

விசாரணையில் காப்புரிமை அலுவலகத்தின் கன்ட்ரோலர் கேட்டது ஒரே கேள்வி: சுருள் பள்ளம் தற்காலிக விவரக்குறிப்பின் எந்த வரியில் இருக்கிறது? 11-ஆம் பிரிவின்படி ஓர் உரிமைக்கோரிக்கைக்கு, அதாவது கண்டுபிடிப்பில் எது தமக்குரியது என்று சொல்லும் வரிக்கு, புதுமையை அளக்கும் நாளான முன்னுரிமைத் தேதி கிடைக்க வேண்டுமானால், அந்தத் தேதியில் தாக்கலான விவரக்குறிப்பில் அது நியாயமான அடிப்படையைக் கொண்டிருக்க வேண்டும். அடிப்படை இல்லாததால் எங்கள் முக்கியக் கோரிக்கை பதினோராம் மாதத் தேதிக்குத் தள்ளப்பட்டது. ஐந்தாம் மாதத்திலேயே கண்காட்சியில் வெளியான ஒன்று, பதினோராம் மாதத்தில் புதுமையாக இருக்க வழியில்லை. கண்காட்சிக்கு 31-ஆம் பிரிவு பாதுகாப்பு தருமே என்று வாதிட முயன்றேன். மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிக்கே அந்தப் பாதுகாப்பு பொருந்தும் என்பதைப் பிரிவை முழுதாகப் படிக்கும் எவரும் அறிவார்கள். நான் அதை முழுதாகப் படித்தது விசாரணைக்கு முதல் நாள் இரவில். தற்காலிக விவரக்குறிப்பைத் திருத்தி விடுபட்டதைச் சேர்க்கவும் முடியாது, ஏனெனில் அன்று சொல்லாததை இன்று நுழைக்க எந்தப் பிரிவும் இடம் தருவதில்லை.

இதில் என்னை இன்றுவரை உறுத்துவது, அந்தத் துண்டே இல்லாமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்பதுதான். விண்ணப்ப எண் இல்லையென்றால் அந்த மனிதர் பம்பை யாருக்கும் காட்டியிருக்கமாட்டார், அவ்வளவு எச்சரிக்கையானவர். நான் கொடுத்த பொய்யான தைரியம்தான் அவரைக் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றது. மெலிந்த புரொவிஷனல், புரொவிஷனல் இல்லாமையைவிட ஆபத்தானது என்று நான் இளையவர்களிடம் சொல்லும்போது அவர்கள் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறார்கள்.

ஆகவே இப்போது என் அலுவலகத்தில், கண்டுபிடிப்பாளரை நேரில் உட்காரவைத்து இரண்டு மணி நேரமாவது பேசாமல் தற்காலிக விவரக்குறிப்பு எழுதப்படுவதில்லை. வரைபடம் முடியவில்லை என்றால் கைபேசியில் எடுத்த புகைப்படம் போதும், காகிதத்தில் பென்சிலால் கிறுக்கியதும் போதும். வேலை செய்த அளவு, வேலை செய்யாத அளவு, "இப்படியும் செய்யலாம்" என்று அவர் போகிறபோக்கில் சொன்ன மாற்று வழி என அனைத்தும் உள்ளே போகவேண்டும். தற்காலிக விவரக்குறிப்பில் உரிமைக்கோரிக்கை எழுதவேண்டிய கட்டாயம் இல்லையே தவிர, விவரம் எழுதக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. இடையில் புதிதாக ஏதேனும் சேர்ந்தால், அதை வெளியே காட்டுவதற்கு முன் இன்னொரு தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து, ஒன்றோடொன்று தொடர்புடைய இரண்டையும் ஒரே முழு விவரக்குறிப்பில் இணைக்க 9(2)-ஆம் பிரிவு வழிசெய்கிறது. 12 மாதக் கெடு முதல் விண்ணப்பத்திலிருந்தே எண்ணப்படும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும். இணையவழியில் தனிநபருக்கு இன்று அதற்காகும் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். அந்தக் கண்காட்சிக்கு முந்தைய வாரம் கட்சிக்காரரை அழைத்து "வேறு ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும் என்ற நினைப்பு இப்போதும் வருகிறது.

கோரிக்கையை நண்பனின் கண்ணோடு படிப்பது

பஜாஜ் நிறுவனத்துக்கும் டிவிஎஸ் நிறுவனத்துக்கும் இடையே இரட்டைத் தீப்பொறிச் செருகி (ஸ்பார்க் பிளக்) எஞ்சின் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கை இளையவர்கள் ஒருமுறை முழுதாகப் படிக்கவேண்டும். 2008-இல் தனி நீதிபதி விதித்த இடைக்காலத் தடையை 2009-இல் நீதிபதிகள் அமர்வு நீக்கியது. செருகிகள் இரண்டு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மூன்று வால்வுகள் கொண்ட டிவிஎஸ் எஞ்சின், பஜாஜின் காப்புரிமைக் கோரிக்கைக்குள் அடங்குமா என்பதில்தான் சண்டை. உங்கள் வரைவை முடித்தபின் ஒரு நாள் ஆறப்போட்டு, போட்டியாளரின் பொறியாளராக உங்களைப் பாவித்துக்கொண்டு, எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே நழுவலாம் என்று தேடிப் படியுங்கள்.

சின்னத்தை வரைந்தவரிடம் எழுதி வாங்காதது

நிறுவனத்தின் சின்னத்தைப் பணம் கொடுத்து வெளியாளிடம் வரைந்து வாங்கிவிட்டால் அது தங்களுக்கே சொந்தம் என்று வணிகர்கள் நம்புகிறார்கள். அதை அப்படியே நம்பிப் பதிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். ஊழியராக இல்லாத ஓவியர் வரைந்த சின்னத்தின் பதிப்புரிமை, அவர் எழுத்துமூலம் மாற்றிக்கொடுக்கும்வரை அவரிடமே இருக்கும். அப்படி எழுதி வாங்கும்போதும், கால அளவைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கொள்கிறது. துபாய்க்கு ஏற்றுமதி தொடங்கிய ஒரு மசாலா நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இவ்விரண்டும் விடுபட்டிருந்தன. முதலில் சில ஆயிரம் ரூபாய்க்கு வரைந்துகொடுத்தவர், இரண்டாம் முறை கையெழுத்திட ஒரு வழக்கறிஞரோடு வந்தார்.

அனுமதியின்றி முதலில் அமெரிக்காவில் தாக்கல் செய்வது

இந்தியாவில் வசிக்கும் கண்டுபிடிப்பாளர் ஒருவர் பட்டியலில் இருந்தாலும் காப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு பொருந்தும். ஒன்று, அயல்நாட்டுத் தாக்கலுக்கு முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி பெறவேண்டும். அல்லது இங்கே தாக்கல் செய்து, கண்டுபிடிப்பை வெளியிடக்கூடாது என்ற இரகசியக் கட்டளை எதுவும் வராத நிலையில், ஆறு வாரம் காத்திருக்கவேண்டும். மீறினால் இங்குள்ள விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். வழங்கப்பட்ட காப்புரிமையும் இரத்தாகலாம். சான்பிரான்சிஸ்கோ முகவரி கொண்ட நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தால், கட்டணம் பேசுவதற்கு முன் அவர்களுடைய பொறியாளர்களில் யாரேனும் சோழிங்கநல்லூரில் வசிக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள்.