ஃபாரடை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்: சூப்பர் கெப்பாசிட்டர் பேக்கப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரண்ட் போனதும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு பட்டென்று அணைந்தால், எஸ்.டி. கார்டில் பாதி எழுதிய ஃபைல் கெட்டுப்போகும். சில சமயம் போர்டு மறுபடி பூட்டே ஆகாது. ஒழுங்காக ஷட்டவுன் ஆவதற்குத் தேவையான பதினைந்து இருபது விநாடிக்கு மட்டும் சூப்பர் கெப்பாசிட்டர் (நிறைய சார்ஜைச் சேர்த்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்) போட்டால் என்ன என்று பலர் யோசிக்கிறார்கள். நல்ல யோசனைதான். லட்சக்கணக்கான முறை சார்ஜ் ஏறி இறங்கினாலும் தாங்கும், லித்தியம் பேட்டரி போல உப்பிக்கொள்ளாது. ஆனாலும் கட்டிப் பார்த்துவிட்டு, 'இரண்டு விநாடிகூட நிற்கவில்லை' என்று கைவிடுபவர்கள் உண்டு. பொருளில் குறையில்லை, கணக்கில்தான் கோளாறு.

சாதாரண சூப்பர் கெப்பாசிட்டர் செல் ஒன்று தாங்குவது 2.7 வோல்ட். 5 வோல்ட்டுக்கு இரண்டை சீரீஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, போட வேண்டும். சீரீஸில் போட்டால் ஃபாரட் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதன் அளவு) பாதியாகிவிடும்: 10 ஃபாரட் செல் இரண்டு சேர்ந்து 5 ஃபாரட்தான். ஃபாரடில் பாதியை வோல்ட்டின் வர்க்கத்தால் பெருக்கினால் உள்ளே இருக்கும் எனர்ஜி வரும்: 62.5 ஜூல். போர்டு 5 வாட் இழுக்கிறது, ஆகவே 12 விநாடி கிடைக்கும் என்று இங்கேதான் கணக்கை முடித்துவிடுகிறார்கள். பேட்டரி போல வோல்ட்டேஜைப் பிடித்து நிறுத்தும் வேலை கெப்பாசிட்டருக்குத் தெரியாது. எடுக்க எடுக்க இறங்கிக்கொண்டே போகும். 4.63 வோல்ட் வாக்கிலேயே பை போர்டு வோல்ட்டேஜ் குறைவு என்று எச்சரிக்கும். 5-லிருந்து 4.63 வரை கிடைப்பது சுமார் 9 ஜூல், அதாவது இரண்டு விநாடிக்கும் குறைவு. மீதி 53 ஜூல் உள்ளேயே கிடக்கும்.

அதனால் பின்னால், இறங்கும் வோல்ட்டேஜை 5 வோல்ட்டுக்கு ஏற்றித் தரும் ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர் கட்டாயம். 2.5 வோல்ட் வரை உறிஞ்சினால் முக்கால்வாசி எனர்ஜி கைக்கு வரும். கன்வெர்ட்டர் 85 சதவீதத் திறனில் ஓடுகிறது என்று வைத்தால், 20 விநாடிக்கு சீரீஸுக்குப் பிறகு 12.5 ஃபாரட் வேண்டும். அதற்காக 25 ஃபாரட் செல் இரண்டு வாங்கினால் போதாது. புதிதிலேயே எழுதியிருக்கும் ஃபாரடைவிட 20 சதவீதம் வரை குறைவாக இருக்கலாம். 30 சதவீதம் தேய்ந்த பிறகுதான் ஆயுள் முடிந்ததாகவே பலர் கணக்கு வைக்கிறார்கள். நான் 50 ஃபாரட் செல் இரண்டு போடச் சொல்வேன்.

காசு மாதிரி வட்டமாக இருக்கும் '5.5 வோல்ட், 1 ஃபாரட்' வகையை இந்த வேலைக்கு வாங்கவே வாங்காதீர்கள். உள் மின்தடை பல ஓம் இருக்கும். 30 ஓம் இருந்தால் ஷார்ட் செய்தாலும் 0.2 ஆம்பியர்கூட வராது. அது கடிகார சிப்பையும் மெமரியையும் உயிரோடு வைக்கப் பிறந்தது. அந்த வேலையை அருமையாகச் செய்யும்.

அடுத்தது சார்ஜ் ஏற்றுவது. காலியான சூப்பர் கெப்பாசிட்டர் அடாப்டரின் கண்ணுக்கு ஏறக்குறைய ஷார்ட் சர்க்யூட். நேராக இணைத்தால் அடாப்டர் புரொடெக்‌ஷனுக்குப் போய் விட்டு விட்டுத் துடிக்கும், போர்டும் எழாது. 10 ஓம் ரெசிஸ்டர் போட்டால் கரண்ட் அரை ஆம்பியருக்குள் அடங்கும். ஆனால் நாம் போட்ட இரண்டு 50 ஃபாரட் செல் சேர்ந்த 25 ஃபாரட், 95 சதவீதம் நிறையவே 12 நிமிடத்துக்கு மேலாகும். மழைக்காலத்தில் கரண்ட் வந்து வந்து போகும்போது இரண்டாவது வெட்டில் பேக்கப் இருக்காது. அதே அரை ஆம்பியரை கடைசிவரை மாறாமல் தரும் சார்ஜர் ஐ.சி. போட்டால் நாலு நிமிடத்தில் நிறைந்துவிடும். இந்த ஐ.சி.யில் பணம் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இரண்டு செல்லும் ஒரே மாதிரி இருக்காது. இரண்டின் வோல்ட்டேஜையும் சமமாக வைக்காமல் (பேலன்ஸ் செய்யாமல்) விட்டால் ஒன்று 2.7-ஐத் தாண்டும், அதுதான் முதலில் சாகும். ஒவ்வொரு செல்லுக்கும் குறுக்கே ஒரே மதிப்புள்ள ரெசிஸ்டர் போதும். சூட்டையும் கவனியுங்கள்: 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. பல டேட்டாஷீட்டில் 65 டிகிரியில், முழு வோல்ட்டேஜில் உத்தரவாதம் 1000 மணி நேரம்தான். நாள் கணக்கில் 42-க்கும் குறைவு. மே மாத வெயிலில் மொட்டை மாடி இரும்புப் பெட்டிக்குள் வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். செல்லுக்கு 2.5 வோல்ட்டோடு நிறுத்தினால் ஆயுள் நன்றாகவே கூடும்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு ஒன்றை மறப்பார்கள்: கரண்ட் போய்விட்டது என்று போர்டுக்கு யார் சொல்வது? சொல்லாவிட்டால் அது 20 விநாடி வழக்கம்போல் ஓடிவிட்டு, பிறகு அதே மாதிரி பட்டென்றுதான் அணையும். அடாப்டர் பக்கத்திலிருந்து இரண்டு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டை 3.3-க்குள் இறக்கி போர்டில் சிக்னல் வாங்கும் ஒரு ஜி.பி.ஐ.ஓ. பின்னுக்குக் கொடுங்கள், அந்தப் பின்னில் வோல்ட்டேஜ் கீழே போய் ஓரிரு விநாடி அப்படியே இருந்தால் ஷட்டவுன் கட்டளை ஓடட்டும்.

ஷட்டவுன் பாதியில் இருக்கும்போதே கரண்ட் திரும்பி வந்தால் இன்னொரு சிக்கல். போர்டு முறைப்படி நின்றுவிடும், ஆனால் சப்ளை அறுபடவே இல்லை என்பதால் தானாக எழாது. யாராவது போய் பிளக்கைப் பிடுங்கிச் சொருகும்வரை அப்படியே கிடக்கும். ஷட்டவுன் முடிந்ததும் போர்டுக்குப் போகும் 5 வோல்ட்டைச் சில விநாடி அறுத்துவிட்டு மறுபடி தரும்படி சர்க்யூட்டை அமையுங்கள். பெட்டியை மூடுமுன், ஷட்டவுன் நடக்கும்போதே பிளக்கைச் சொருகி இதையும் சோதித்துவிடுங்கள்.