எஃப்டிஸ்க், பார்ட்டெட்: டெர்மினலில் டிஸ்க்கைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு, விண்டோஸ் 11 ஏறாத பழைய மடிக்கணினியில் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகை ஒன்றைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் என்னைச் சுற்றி அதிகமாகிவிட்டார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், வேலை முடிந்து வந்து தங்குவிடுதியில் கணினிப் பாடம் படிக்கும் ஊழியர்கள், பேரப்பிள்ளைகளுக்காகப் பழைய கணினியைத் தட்டி எழுப்பப் பார்க்கும் தாத்தாக்கள் எனச் சிங்கப்பூரில் எல்லா வயதிலும் ஆள் உண்டு. லினக்ஸை நிறுவுவது இன்று பெரிய வேலையில்லை. டிஸ்க்கைப் பிரிக்கிற இடம் வந்ததும்தான் பலருக்குக் கை நடுங்குகிறது. அதுவும் டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் ஓரெழுத்துக் கட்டளை அடித்துப் பிரிப்பது என்றால் இன்னும் பயம்.

அந்தப் பயம் தவறான இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. லினக்ஸின் எஃப்டிஸ்க், பார்ட்டெட், விண்டோஸின் டிஸ்க்பார்ட் ஆகிய மூன்றுமே நாம் சொன்னதை அப்படியே செய்யும் நேர்மையான கருவிகள். ஆனால் நாம் அடிப்பது எந்த நொடியில் டிஸ்க்கில் எழுதப்படுகிறது என்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம். அதைத் தெரிந்துகொள்ளாமல் உட்காருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

எஃப்டிஸ்க்கில் நீங்கள் என்ன செய்தாலும் அது முதலில் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். 'என்' அடித்துப் புதிய பார்ட்டிஷன் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) சேர்க்கலாம், இருப்பதை நீக்கலாம், 'பி' அடித்து, எந்தப் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணை எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்கலாம். திருப்தி இல்லையென்றால் 'க்யூ' அடித்து வெளியே வந்துவிட்டால் போதும், டிஸ்க்கில் ஒரு பைட்கூட மாறியிருக்காது. 'டபிள்யூ' அடித்தால்தான் எழுதும். இதே பழக்கத்தோடு பார்ட்டெட்டுக்குப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே 'ஆர்எம் 3' என்று அடித்து என்டர் தட்டினால் மூன்றாவது பார்ட்டிஷன் அந்த நொடியே அட்டவணையிலிருந்து போய்விடும். சேமிக்கவா என்று ஒரு கேள்வி வராது. 'க்விட்' அடித்தால் செய்தது திரும்பாது. இன்னொன்று: எந்த டிஸ்க் என்று சொல்லாமல் வெறுமனே பார்ட்டெட் என்று மட்டும் அடித்தால், அது தன் கண்ணில் படும் முதல் டிஸ்க்கைத் தானே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது உங்கள் கணினியின் உள் டிஸ்க்காகத்தான் இருக்கும்.

டிஸ்க்பார்ட்டும் உடனே செய்கிற ரகம். யூஎஸ்பி டிரைவைச் சுத்தம் செய்ய 'க்ளீன்' அடிக்கச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். அந்தக் கட்டளை, தேர்ந்தெடுத்திருக்கும் டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணையை மறுபேச்சில்லாமல் துடைத்துவிடும். அதற்கு முன் 'லிஸ்ட் டிஸ்க்' அடித்து, நட்சத்திரக் குறி எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள். குறி நிற்கும் டிஸ்க்தான் துடைக்கப்படப்போவது.

சரி, டிஸ்க்கை அடையாளம் காண்பதற்கு வருவோம். லினக்ஸில் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் நிரந்தரமானவை அல்ல. நேற்று எஸ்டிபியாக இருந்த டிரைவ், இன்று வேறொரு யூஎஸ்பியைச் செருகிவிட்டுத் தொடங்கினால் எஸ்டிசி ஆகலாம். அதனால் பெயரை நினைவில் வைத்து வேலை செய்யாதீர்கள். 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையில் அளவோடு மாடல், சீரியல் எண் ஆகிய பத்திகளையும் கேட்டு வாங்குங்கள். அளவு மட்டும் போதாது. சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் ஒரே மாதிரி இரண்டு 1 டெராபைட் டிரைவ் வாங்கி, ஒன்றில் குடும்பப் படங்கள், மற்றொன்று காலி என்று வைத்திருப்பவர்கள் பலர். இரண்டுக்கும் அளவு ஒன்று, மாடலும் ஒன்று. சீரியல் எண் மட்டும்தான் வேறுபடும், அது டிரைவின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. அதைவிட நல்ல வழி, வேலைக்குத் தேவையில்லாத டிரைவ்களைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவது.

அளவு என்றதும் அலகுக் குழப்பமும் வந்துவிடும். கடையில் 1 டெராபைட் என்று விற்கும் டிரைவ் கணினியில் 931 என்று தெரிவது ஏமாற்று அல்ல. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், கணினி 1024இன் மடங்கில் காட்டுகிறது. பார்ட்டெட்டில் ஜிபி என்றால் ஆயிரக் கணக்கு, ஜிஐபி என்றால் 1024 கணக்கு. 100 என்று நினைத்து ஒரு பார்ட்டிஷனைச் சுருக்கும்போது, இந்த இரண்டுக்கும் நடுவில் சுமார் 7 விழுக்காடு வித்தியாசம் விழும். எஃப்டிஸ்க்கில் இன்னொரு விதமாக இடறும். கடைசி செக்டரை (டிஸ்க் இடத்தை எண்ணும் சிறு துண்டு) கேட்கும்போது 20 ஜிஐபி வேண்டுமென்றால், கூட்டல் குறி போட்டு, எண்ணை எழுதி, ஒட்டினாற்போல் 'ஜி' சேர்க்க வேண்டும். வெறும் எண்ணை அடித்தால் அது செக்டர் எண்ணாகவே கொள்ளப்படும்.

முதல் செக்டர் எது என்று கேட்கும்போது, தரப்படும் 2048ஐ அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். அது சரியாக 1 மெபிபைட் (1024 கணக்கில் 1 மெகாபைட்) எல்லை. பழைய டாஸ் காலத்துக் குறிப்புகளில் 63 என்று இருக்கும். இன்றைய 4கே செக்டர் டிஸ்க்குகளுக்கு அது பொருந்தாமல் வேகத்தைக் கெடுக்கும்.

புத்தம்புதிய டிஸ்க்கைத் திறந்தால் எஃப்டிஸ்க் தானாகவே டாஸ் வகை அட்டவணையை, அதாவது எம்பிஆரை, நினைவகத்தில் உருவாக்கிக்கொள்ளும். எம்பிஆரில் முதன்மைப் பார்ட்டிஷன் நான்குதான், வழக்கமான 512 பைட் செக்டரில் 2 டெபிபைட்டுக்கு (1024 கணக்கில் 2 டெராபைட்) மேல் எட்டவும் எட்டாது. 4 டெராபைட் டிரைவ் வாங்கி, பாதி இடத்தைக் காணோமே என்று தேடுபவர்கள் இங்கேதான் பார்க்க வேண்டும். புதிய டிஸ்க் என்றால் 'ஜி' அடித்து ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணைக்கு மாறிவிடுங்கள். ஆனால் தரவு இருக்கும் டிஸ்க்கில் அதே 'ஜி'யை அடித்து, 'டபிள்யூ'வும் அடித்தால் காலி அட்டவணைதான் மிஞ்சும். மாற்றித் தருகிற கட்டளை இல்லை அது, புதிதாகத் தொடங்குகிற கட்டளை.

அதிகம் பேர் தரவை இழப்பது சுருக்கும் வேலையில். பார்ட்டிஷன் என்பது எல்லைக்கோடு. அதற்குள் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும் கோப்பு முறைமை, ஈஎக்ஸ்டி4 ஆகட்டும், என்டிஎஃப்எஸ் ஆகட்டும், தனிப் பொருள். எஃப்டிஸ்க்கும் இன்றைய பார்ட்டெட்டும் எல்லைக்கோட்டை மட்டும்தான் நகர்த்தும். உள்ளே இருப்பது சுருங்காமல் கோட்டை மட்டும் உள்ளே தள்ளினால், கோட்டுக்கு வெளியே நின்றுவிட்ட தரவை யாரும் பாதுகாக்க மாட்டார்கள். ஆகவே சுருக்கும்போது முதலில் கோப்பு முறைமை, பிறகு பார்ட்டிஷன். பெரிதாக்கும்போது முதலில் பார்ட்டிஷன், பிறகு கோப்பு முறைமை. ஈஎக்ஸ்டி4இல் 50 ஜிஐபிக்குக் குறைக்க வேண்டும் என்றால் இப்படிச் செய்யலாம்: அன்மவுன்ட் செய்து (பயன்பாட்டிலிருந்து விடுவித்து), சோதனை ஓட்டி, கோப்பு முறைமையை 48க்குச் சுருக்குங்கள். அப்புறம் பார்ட்டிஷனை 50க்குக் கொண்டுவாருங்கள். கடைசியில் அளவு எதுவும் சொல்லாமல் 'ரீசைஸ்2எஃப்எஸ்' கட்டளையை ஓட்டினால், மீதி இடத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும். நடுவில் விட்ட 2 ஜிஐபி, அலகுக் குழப்பத்துக்கான காப்பீடு.

விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டுமானால் அதை விண்டோஸுக்குள்ளிருந்தே செய்யுங்கள். டிஸ்க்பார்ட்டின் 'ஷ்ரிங்க்' கட்டளை கோப்பு முறைமையையும் சேர்த்தே சுருக்கும். அதற்கு முன், டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் கணினிக்கு வெளியே எங்காவது எழுதிவைத்து, விண்டோஸை முழுதாக மூடவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள். பட்டியலில் சிறிதாக, 100 மெகாபைட் அளவில், கணினி தொடங்கத் தேவையான ஒரு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் தெரியும். ஏதோ மிச்சம் என்று நினைத்து அதை நீக்கினால் விண்டோஸ் தொடங்கவே தொடங்காது.

எஃப்டிஸ்க்கில் பார்ட்டிஷனைப் பெரிதாக்க, இருப்பதை நீக்கிவிட்டு, அதே தொடக்கச் செக்டரில் பெரிய அளவில் மறுபடி உருவாக்குவது வழக்கம். கேட்கவே பகீரென்றாலும் முறை சரிதான். அட்டவணையிலிருந்து பார்ட்டிஷனை நீக்குவது, வீவக அடுக்குமாடி புளோக்கிலிருந்து எண் பலகையைக் கழற்றுவது போலத்தான். வீடுகளும் குடியிருப்பவர்களும் அங்கேயேதான் இருப்பார்கள். அதே இடத்தில் மறுபடி உருவாக்கியதும், இங்கே ஈஎக்ஸ்டி4 அடையாளம் இருக்கிறது, அதை நீக்கட்டுமா என்று எஃப்டிஸ்க் கேட்கும். இதுவரை எல்லாக் கேள்விக்கும் என்டர் தட்டிப் பழகிய விரல், இங்கே 'ஒய்' பக்கம் தானாகப் போகும். 'என்' என்று பதில் சொல்லுங்கள். அந்த அடையாளம் போய்விட்டால், உள்ளே கோப்பு முறைமை இருப்பதே லினக்ஸுக்குத் தெரியாமல் போகும்.

எழுதி முடித்ததும், சாதனம் பயன்பாட்டில் இருக்கிறது, கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இன்னும் பழைய அட்டவணையைத்தான் வைத்திருக்கிறது என்ற செய்தி வந்தால் அது பிழை அல்ல. கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டுத் தொடருங்கள். அந்த நிலையிலேயே அவசரப்பட்டு ஃபார்மட் செய்தால், பழைய எல்லையை நம்பிப் புதிய கோப்பு முறைமை எழுதப்படும்.

திரை வசதி உள்ள கணினியில், ஒருமுறை மட்டும் அளவு மாற்ற வேண்டும் என்றால், சுட்டியால் இயக்கும் ஜிபார்ட்டெட்டே போதும் என்பேன். அது கோப்பு முறைமையையும் பார்ட்டிஷனையும் சரியான வரிசையில் தானே மாற்றும், 'அப்ளை' அழுத்தும் வரை டிஸ்க்கைத் தொடாது. டெர்மினல் கருவிகள் தேவைப்படுவது திரையில்லாத சர்வரில், மேகக் கணினியில், மீட்பு யூஎஸ்பியில்.

தவறு நடந்தே விட்டதா? கையை எடுங்கள். பார்ட்டிஷனை நீக்கியது மட்டும்தான் நடந்திருந்தால், டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி பழைய எல்லைகளைத் தேடிக் கண்டுபிடித்துத் தரும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. நிலைமையைக் கெடுப்பது அதன் பிறகு பதற்றத்தில் செய்யும் ஃபார்மட்தான். அதுவும் எஸ்எஸ்டியில் ஈஎக்ஸ்டி4 ஃபார்மட் செய்யும் கட்டளை, பழைய தரவு இருந்த இடங்களையெல்லாம் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டியிடமே சொல்லிவிடும். அதன் பிறகு எந்தக் கருவியாலும் அநேகமாக எதையும் எடுக்க முடியாது.

இந்த அலைச்சலே வேண்டாம் என்றால், தொடங்கும் முன் 'எஸ்எஃப்டிஸ்க்' கட்டளையை 'டம்ப்' விருப்பத்தோடு ஓட்டி, வருவதை ஒரு கோப்பில் சேமியுங்கள். எந்தப் பார்ட்டிஷன் எந்தச் செக்டரில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை என்பதெல்லாம் சில வரிகளில் வந்துவிடும். அட்டவணை கெட்டால் அதே கோப்பை எஸ்எஃப்டிஸ்க்குக்குத் திருப்பிக் கொடுத்தால் போதும், பழைய எல்லைகள் திரும்பிவிடும். உங்கள் படங்களின் நகலுக்கு இது மாற்று ஆகாது, அது தனியாக இருக்கத்தான் வேண்டும். கோப்பை நீங்கள் பிரிக்கப்போகும் அதே டிஸ்க்கில் வைக்காதீர்கள். திறன்பேசிக்கு அனுப்பிவையுங்கள், அல்லது திரையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.