பாப் லெபோஞ்ச்: பிள்ளைகளுக்கு எதைப் போடுவது, எதைத் தாண்டுவது

விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாப் லெபோஞ்ச் (ஆங்கிலத்தில் ஸ்பாஞ்ச்பாப், கடலடிப் பஞ்சுப் பையனின் கார்ட்டூன்) பார்க்கப் போகிறீர்களா? எல்லாச் சீசனையும் வரிசையாக ஓடவிடாதீர்கள். 1999இல் தொடங்கிய தொடர், இன்னும் ஓடுகிறது. தரம் ஒரே மாதிரி இல்லை.

முதல் 3 சீசன்களைக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். தொடரை உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க் கூடவே இருந்து நடத்தியவை அவை. கலிபோர்னியாவில் கடல் உயிரியல் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவர். முதல் சீசனின் பீட்சா கதையிலிருந்து தொடங்குங்கள். பாபும், உணவகத்தில் அவனோடு வேலை செய்யும் கார்லோவும் வழி தவறி, நடந்தே போய் ஒரு பீட்சாவைக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவன் குடிக்க ஒன்றும் கொண்டுவரவில்லை என்று கத்திக் கதவைச் சாத்துகிறான். பாப் உடைந்து அழுகிறான். வழியெல்லாம் சிடுசிடுத்த கார்லோ அந்தப் பீட்சாவோடு திரும்பிப் போகிறான், கதவைத் தட்டுகிறான், அந்த ஆள் முகத்திலேயே அடிக்கிறான். பாபிடம் மட்டும், அவன் ஒரே வாயில் சாப்பிட்டுவிட்டான் என்கிறான். மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் நான் எடுக்கும் தமிழ் வகுப்பில், கிரியோலிலேயே பேசும் பிள்ளைகள்கூட இந்தக் கதையை விழுந்து விழுந்து தமிழில் சொல்வார்கள்.

2004இல் முதல் சினிமா வந்ததும் ஹில்லன்பர்க் அன்றாடப் பொறுப்பைப் பால் டிபிட்டிடம் விட்டு ஒதுங்கினார். அதோடு நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு. அவசரம் வேண்டாம். 4ஆம் சீசனில் கேரி நத்தை வீட்டை விட்டுப் போகும் கதையை அவசியம் பாருங்கள். விளையாட்டு மும்முரத்தில் பாப் அதற்குச் சாப்பாடு போட மறக்கிறான். தவறு தன்னுடையது என்று தெரிந்ததும் துடித்துப்போகிறான்.

அப்புறம் 7ஆம் சீசன். கேரிக்குத் துணையாக பாப் ஒரு பிராணி வாங்கி வருகிறான். அவன் பார்க்காதபோது அது பூதமாகி கேரியைத் தின்ன வருகிறது. பாப் திட்டுவதோ கேரியை! அதே வீடு, அதே நத்தை. என் மகள் சிரிக்கவே இல்லை. அதே சீசனில் பாபின் முதலாளி காப்டன் கிராப்ஸ், போட்டி உணவகக்காரனான ப்ளாங்க்டனைப் பயமுறுத்திப் பயமுறுத்திச் சாகத் துணிய வைக்கிறார். சின்னப் பிள்ளைகளுக்கு இதைப் போடவே வேண்டாம்.

இந்தத் தொடரில் எழுத்தாளர்கள் தருவது சின்னக் கதைச்சுருக்கம்தான். வசனத்தை எழுதுவது படம் வரைகிறவர்கள். ஆட்கள் மாற மாறப் பாத்திரங்களின் குணமும் மாறியதில் அதிசயமில்லை. ஆகவே 5ஆம் சீசனுக்கு மேல் எதுவானாலும் முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். பாப் ஒருவரை நோகடித்தால் அது அவனுக்கு உறைக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். உறைத்தால் போடுங்கள்.

2018இல், 57 வயதில், ஹில்லன்பர்க் இறந்துவிட்டார். புதிய சீசன்களில் முகக்கோணல் அதிகம், கதை கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை நான் காத்தோ பிமா (மிளகாய் வடை) பொரிக்கும்போது பிள்ளைகள் பார்ப்பது அதைத்தான். நான் தடுப்பதில்லை.