டெய்லரா, டொனால்டா: பசியாறும் மேசையில் வாதாடுவது எப்படி?

எனக்கு இரவு வேலை. அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் உதவி சொல்வது. காலையில் வேலை முடிந்ததும் நாங்கள் நாலைந்து பேர் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பசியாறப் போவோம். ரொட்டி சானாய், தே தாரிக், அப்புறம் சண்டை. அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் இங்கே திங்கள் காலை ஏழரைக்குத் தொடங்கும். எங்களைப் போன்ற ஆந்தைகளுக்கென்றே வைத்த நேரம். அமெரிக்கக் கால்பந்தில் எல்லோரும் பந்தை எறிகிறவரைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் மேசைக்கு அவரைத் தரையில் சாய்க்கிறவர்கள்தான் பிடிக்கும். லாரன்ஸ் டெய்லரா, ஆரன் டொனால்டா, யார் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் என்று ஏழு வருடமாகச் சண்டை போட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் எண்களைச் சந்தேகப்படுங்கள். பந்தை எறிகிறவருக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். அவர் எறியும் முன் அவரைப் பின்னாலேயே வைத்துச் சாய்த்தால் அது ஒரு ‘சாக்’. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் இதைத் தனி ஆட்டக்காரர் கணக்கில் அதிகாரப்பூர்வமாகச் சேர்த்தது 1982 முதல்தான். இது தெரியாமல் ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவரிடம், “டீக்கன் ஜோன்ஸ் பெயர் பட்டியலிலேயே இல்லையே, அவர் என்ன பெரிய ஆள்?” என்று கேட்டுவிட்டேன். மனிதர் ஒரு நிமிடம் சிரித்தார். அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரே ஜோன்ஸ்தானாம். அவர் ஆடி ஓய்ந்தது 1974இல். பிறகு நான் அவருடைய பிரிண்டரைச் சரிசெய்து முடிக்கும்வரை பேச்சு முழுக்க அதுதான்.

ஆட்டங்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். ‘நைட் டிரெய்ன்’ லேன் 1952இல், தன் முதல் பருவத்திலேயே, எதிரணி எறிந்த பந்துகளில் 14ஐப் பறித்தார். அப்போது பருவத்துக்கு 12 ஆட்டம்தான். இப்போது 17 ஆட்டம் ஆடியும் அந்த 14ஐ யாராலும் தாண்ட முடியவில்லை. புரூஸ் ஸ்மித் 200 சாக், ரெஜி வைட் 198 என்று யாராவது ஆரம்பித்தால், ஸ்மித் 19 பருவம் ஆடினார், வைட் 15தான் என்று சொல்லிவிட்டு டீயைக் குடியுங்கள்.

கோப்பைக் கணக்கு வேண்டவே வேண்டாம். டிக் பட்கஸ் ஒன்பது பருவத்தில் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அவரைச் சின்ன ஆள் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

சரி, வேறு எதை வைத்துத்தான் அளப்பது? பக்கத்து மேசையில் பேப்பர் படிக்கும் மாமாக்களிடம் நம் மலேசியக் கால்பந்துத் தடுப்பாட்டக்காரர் சோ சின் ஆனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர் எத்தனை கோல் போட்டார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எதிரணி முன்னாட்டக்காரன் எந்தப் பக்கம் வரவே பயந்தான் என்றுதான் சொல்வார்கள். என் அளவுகோலும் அதுதான். இந்த ஒருவருக்காக எதிரணி எதை மாற்றிக்கொண்டது?

இதை வாயால் சொல்லாதீர்கள், மேசையில் காட்டுங்கள். ஐந்து கிளாஸை வரிசையாக வையுங்கள். அவைதான் மறிக்கும் ஐவர். பின்னால் சாஸ் பாட்டில், அதுதான் குவாட்டர்பேக். வலது கைக்காரர் எறியத் திரும்பும்போது இடப்பக்கம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். இப்போது ஒரு கரண்டியை இடது ஓரத்திலிருந்து வேகமாகக் கொண்டு வந்து பாட்டிலைத் தட்டுங்கள். அதுதான் நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர். அவரை மறிக்கப் பந்தோடு ஓடுகிற ஓட்டக்காரரை, அதாவது சம்பல் கிண்ணத்தை, நிறுத்திப் பார்த்தார்கள். கிண்ணம்தான் கவிழ்ந்தது. வாஷிங்டன் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் ஓட்டக்காரக் கிண்ணங்களில் ஒன்றை எடுத்துவிட்டு, வரிசையில் ஆறாவதாக ஒரு கிளாஸைச் சேர்த்தார். இடது ஓரத்துக் கிளாஸுக்கு மவுசு கூடிப்போய், பெரிய உடம்பும் வேகமான காலும் உள்ளவர்களுக்கு அணிகள் கோடிகளைக் கொட்ட ஆரம்பித்தன.

இந்த இடத்தில் நான் ஜெயித்துவிட்டதாக நினைப்பேன். உடனே கிள்ளானிலிருந்து வரும் தம்பி கரண்டியைப் பிடுங்கி வரிசைக்கு நடுவில் வைப்பான். “அக்கா, உங்க ஆளு ஓரமா ஓடி வராரு, காலி இடம் இருக்கு. டொனால்டு நடுவுல. ரெண்டு பேரு பிடிச்சாலும் வரான்ல?” நியாயமான கேள்வி. டெய்லர் 1986இல் எடுத்தது 20.5 சாக். ஆரன் டொனால்டு 2018இல் எடுத்ததும் அதே 20.5, அதுவும் நடுவில் நின்று. சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் ஆளுக்கு மூன்று. என் கையில் மிச்சம் இருக்கும் சீட்டு ஒன்றுதான். 1986இல் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதே டெய்லருக்குப் போனது. தடுப்பாட்டத்தில் அதை வாங்கிய இன்னொருவர் ஆலன் பேஜ் மட்டும், 1971இல். தம்பி அதற்கு 2022 சூப்பர் பௌலின் கடைசி நிமிடத்தைக் காட்டுவான். சின்சினாட்டிக்கு ஒரு கெஜம் வேண்டும், டொனால்டு அவர்களுடைய குவாட்டர்பேக் பரோவைப் பிடித்துச் சுழற்றுகிறார், பந்து எங்கோ போய் விழுகிறது.

போன வாரம் சண்டை இந்த இடத்தில் நிற்கும்போது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ரொட்டியைக் குழம்பில் தோய்த்தபடி, “ஜே.ஜே. வாட்டும் 20.5 எடுத்தாருதானே அக்கா? ரெண்டு தடவ. விருதும் மூணு” என்றாள். தம்பி என்னைப் பார்த்தான். கடைக்கார அண்ணனிடம் இன்னும் இரண்டு கிளாஸ் கேட்டு வாங்கினோம்.